பாலையடியிலிருந்து லொறி வெறுமையாகத் திரும்பிய நாள்

1

அதிபர் கேட்டது இரண்டு பக்கம். பாலையடிக்கு ஐம்பது வயதாகிறதாம். பாடசாலையில் பொன்விழா மலர் போடுகிறார்களாம். 'எமது ஊரின் தோற்றமும் ஆரம்பக் குடியேற்றமும்' என்று தலைப்பையும் அவரே வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார்.

"பிள்ளை, நீர் இஞ்ச படிக்கேக்கையே நல்லாய் எழுதுவீர். உம்மட அப்பாவும் இப்ப உம்மோடதானே நிக்கிறார். முதல் வந்த ஆக்களில மிஞ்சினது அவர் ஒராள்தான். அவரைக் கேட்டு எழுதி அனுப்பும். ஊர்ச்சனம் வாசிச்சுப் பெருமைப்படுற மாதிரி இருந்தா நல்லது."

மலர்க்குழுவில் இருக்கும் ஓர் இளைஞர் தனியாக ஒரு கேள்வி அனுப்பினார். பாலை மரத்தடியில் இருக்கும் கல் சோழர் காலத்து ஐயனார் என்று ஒரு கதை இருக்கிறது, அதை அப்பாவிடம் கேட்டு உறுதிப்படுத்த முடியுமா, அந்த இடத்தில் கொங்கிறீற் போட்டுக் கோயில் கட்ட இருக்கிறோம் என்றார். வன்னியில் எந்தக் குளத்தைத் தோண்டினாலும் ஒரு சோழன் கிடைக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஆசை. எங்கள் ஊரில் மிகப் பழைய பொருள் அப்பாதான் என்று பதில் போட்டேன். சிரிப்பு முகம் ஒன்று வந்தது.

நான் வேலை செய்வது துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில், கொள்கலன்களுக்குப் பத்திரம் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில். எந்தப் பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் வேலை. சீனத்து உள்ளி, கென்யாத் தேயிலை, துருக்கிக் கம்பி. பெட்டி இங்கே இறங்கும், சில நாள் வெயிலில் கிடக்கும், பிறகு வேறொரு கப்பலில் ஏறிப் போய்விடும். இங்கேயே தங்கிவிடும் பெட்டிகள் குறைவு. பதினைந்து வருடமாக மற்றப் பொருட்களின் பிறப்பிடத்தை எழுதிக் கொடுக்கிறேன், என் ஊருடையதை இரண்டு பக்கத்தில் எழுதுவது பெரிய வேலையா என்று நினைத்துத்தான் அதிபருக்குச் சரி என்றேன்.

2

அப்பா வந்திறங்கிய மறுநாள் காலை, எங்கள் கட்டடத்தின் காவலாளி மேலே வந்து மணியடித்தார். பாலக்காட்டுக்காரர். மரியாதையான மனிதர்.

"சேச்சி, அச்சன் மரத்தின்டெ கொம்பு ஒடிச்சு. கேமராவில் உண்டு. முனிசிப்பாலிட்டிக்காரர் கண்டால் ஃபைன் வரும்."

கீழே போய்ப் பார்த்தேன். வாசலில் நிற்கும் வேம்பில் ஒரு சின்னக் குழையை முறித்து, அதே மரத்தின் அடியில் நிமிர்த்தி வைத்து, விழாமலிருக்க ஒரு கல்லும் அணை கொடுத்திருந்தார் அப்பா. எழுபத்தைந்து வயது. வெள்ளைச் சாரமும் என் மகள் வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்துமாகப் பக்கத்தில் நின்றார்.

மலரை வாசிக்கப்போகும் வெளியூராருக்காகச் சொல்கிறேன். வன்னியில் காட்டுக்குள் போகிறவர்கள், முதலில் வரும் பெரிய மரத்தடியில் ஒரு குழை முறித்து வைத்து ஐயனாரிடம் வழி கேட்பார்கள். நாங்கள் உள்ளே போகிறோம், வழி பார்த்து அனுப்பு என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தேங்காய், கற்பூரம் ஒன்றும் வேண்டாம்.

"இங்க எதுக்குப்பா குழை?" என்றேன்.

"புது எடம். யாரு காவல்னு தெரியாது. கேட்டு வைக்கிறதுல என்னா நட்டம்?"

மகள் மிதுராவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிப் பையைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றாள். "தாத்தா, இட்ஸ் இல்லீகல்," என்றாள்.

"என்னா சொல்லுது?"

"மரத்த முறிக்கிறது சட்டப்படி குற்றமாம்."

"நாங்க காடு வெட்டுனதும் அப்படித்தான்," என்றார் அப்பா.

காவலாளிக்குப் புரிந்ததோ என்னவோ, அவரும் சிரித்தார். குழை மட்டும் அன்று பின்னேரமே குப்பைக்குப் போய்விட்டது.

3

சமையலறைப் பக்கமாக எங்களுக்கு ஒரு சின்ன பல்கனி இருக்கிறது. நான் உடுப்பு மடிக்க, அப்பா கதிரையில் இருந்து சொன்னதை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு குடும்பம். எல்லோரும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்து, அதாவது ஒரே வரிசை வீட்டுக்காரர்கள். தோட்டத்தில் வேலை குறைந்து, பாணுக்கும் மாவுக்கும் விடியலில் வரிசை நின்ற காலம். கிளிநொச்சிப் பக்கம் வயல் வேலை இருக்கிறது, காடு சும்மா கிடக்கிறது, வெட்டினவனுக்குக் காணி என்று யாரோ சொன்னார்கள். சட்டி பானையோடு ஒரு லொறியில் வந்து இறங்கினார்கள். அப்போது கிளிநொச்சி தனி மாவட்டமும் இல்லை. பகலில் ஒரு வயல்காரரிடம் கூலி வேலை, பொழுது சாயும் வரை காடு வெட்டு.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு பிழை வந்தது. காடு வெட்டுவதற்கு அவர்கள் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டு வந்திருந்தார்கள். பரம்பரையாகத் தேயிலை வெட்டிப் பழகிய கை. செடியை அடியோடு எடுக்க அந்தக் கைக்குத் தெரியாது. இடுப்பளவில் வரிசையாக, அழகாக, மட்டம் பார்த்து வெட்டினார்கள். ஒரு காடு முழுவதையும் கவ்வாத்து வெட்டி முடித்துவிட்டுப் பெருமையோடு நின்றார்கள். முதல் தூறல் விழுந்ததும் தேயிலை தளிர்ப்பதைப் போலக் காடு தளிர்த்தது. ஈச்சம்பற்றையும் காரையும் முன்னையதை விட அடர்த்தி.

"அந்தப் பக்கம் தேனெடுக்க வாற கெழவன் ஒருத்தன் பாத்துட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சான். 'இதென்ன தம்பியவை, காட்டுக்கு முடி வெட்டி விட்டிருக்கிறியள்'ன்னான். அப்புறம் அவந்தான் வேர் கிளப்புறது, நெருப்பு வைக்கிறதெல்லாம் காட்டிக் குடுத்தான். குழை வைக்கிறதும் அவன் சொன்னதுதான். எங்களுக்குத் தோட்டத்துல முனியாண்டி. இங்க ஐயனாருன்னான். சரின்னு வச்சிக்கிட்டோம்."

வேரோடு வெட்டி முடிக்க அந்த வருடம் போயிற்று. கிணறு தோண்டியதில் பாறை வந்தது. காய்ச்சல் வந்தது. குளிர் மலையில் பிறந்தவர்களுக்கு அந்த வெயிலும் நுளம்பும் சரிவரவில்லை. ஐப்பசி முடிந்தும் மழை இல்லை. போதும், போய்விடலாம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பண்ணையில் கூலி வேலை இருந்தது. ஏற்றிப் போக ஒரு லொறி வந்தது.

லொறி வந்த காலையில் சரோஜா செத்துப்போனாள். சரோஜா என் அக்கா. நான் பிறப்பதற்குச் சில வருடங்களுக்கு முந்தியவள். மூன்று வயது. காய்ச்சல். பாலை மரத்தடியில் அவளைப் புதைத்தார்கள். மேலே ஒரு கல் வைத்தார்கள். மலர்க்குழுத் தம்பி கேட்ட சோழர் காலத்து ஐயனார் அந்தக் கல்தான். ஊரில் யாரும் இதை மறைக்கவில்லை, தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா எங்களுக்குச் சொன்ன விதம் இது. "உங்கப்பா லொறிப் படியில கால வைக்கல. எம்புள்ளைய இங்க விட்டுட்டு நான் வரமாட்டேன்னு மரத்தடியில குந்திட்டாரு. அதப் பாத்துட்டு ஒரு குடும்பமும் ஏறல. வெறும் லொறி திரும்பிப் போச்சு." அம்மா போய் ஆறு வருடமாகிறது. அவர் இதைச் சொல்லும்போது அப்பா பக்கத்தில் இருந்தால் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். கூச்சம் என்று நினைத்துக்கொள்வோம்.

கட்டுரைக்கு இது போதும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பெருமைப்படக்கூடியதாகவும் இருந்தது.

4

எங்கள் வீட்டு விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

என் கணவர் ஒரு களஞ்சியத்தில் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அவருடைய கொம்பனி துபாய்க் களஞ்சியத்தை மூடுகிறது. குவைத்தில் ஃபர்வானியாவில் ஒரு வேலை தருகிறார்கள். சம்பளம் குறைவு, குடும்ப விசாவுக்குக் காணாது. அவர் தனியே போக வேண்டும். நானும் மிதுராவும் அவருடைய விசாவில் இருப்பவர்கள். அது ரத்தானால் எங்களுடையதும் ரத்து.

என் முகாமையாளர் நல்ல மனிதர். வேண்டுமானால் என்னைத் தன் கொம்பனி விசாவில் போடுகிறேன், மகளையும் அதில் சேர்க்க வழி பார்க்கலாம் என்றார். யோசித்துச் சொல் என்று இரண்டு கிழமை தந்தார்.

"ஆறு மாசம் ஓட்டலாம். பிறகு வாடகை எங்கயப்பா?" என்றார் என் கணவர். "அப்பாவோடயே ஊருக்குப் போங்கோ. அங்க வீடு இருக்கு. நான் ஒரு ரெண்டு வருஷம் குவைத்தில நிண்டிட்டு வாறன்."

"மிதுரா அங்க எப்பிடிப் படிப்பாள்? தமிழ் எழுத்தே கூட்டித்தான் வாசிக்கிறாள்."

"படிப்பாள். உன்ர அப்பா தேயிலைக் கத்தியோட காட்டுக்க போகேல்லையே?"

மிதுராவிடமும் சொன்னோம். அவள் கத்தவில்லை, அழவில்லை. "அம்மா, பட் ஐ ஆம் நாட் ஃப்ரம் தேர்," என்றாள். பிறகு, அங்கே வைஃபை எப்படி என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து ஆறு தடவை ஊருக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் விருந்தாளிதான்.

நான் இங்கேயே நிற்க விரும்பினேன். வாடகைக் கணக்கு எனக்கும் தெரியும். மகளின் படிப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் காரணம் அதுவுமில்லை. காரணம் ஆதவன். இவருக்கும் அது தெரியும். அந்தப் பெயரை நாங்கள் இருவரும் வீட்டில் சொல்வதில்லை.

ஆதவன் எங்கள் மகன். மிதுராவுக்கு நாலு வயதாக இருக்கும்போது ஏழாம் மாதத்தில் பிறந்தான். மூன்று நாள் இருந்தான். அவன் இறந்ததைப் பதிய வேண்டுமென்றால் முதலில் அவன் பிறந்ததைப் பதிய வேண்டும் என்றார்கள். ஒழுங்கு அப்படித்தான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் ஒரு நீலக் கோப்போடு விண்ணப்பம் தட்டச்சு செய்யும் டைப்பிங் சென்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூதரகத்துக்குமாக ஓடினார். காலையில் பிறப்புப் பத்திரம் வாங்கினார், பின்னேரம் மற்றதை வாங்கினார். இரண்டிலும் நாடு என்ற இடத்தில் ஸ்ரீலங்கா என்று போட்டிருந்தது. அவன் ஸ்ரீலங்காவைக் கண்டதில்லை. பொருளைப் பார்க்காமலே பிறப்பிடம் எழுதுவது எனக்குப் பழகிய வேலை, அதனால் அன்று ஒன்றும் தோன்றவில்லை.

சின்னப் பிள்ளைகளை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். நகரத்துக்கு வெளியே முஸ்லிம் அல்லாதோருக்கான மயானத்தில், சிறிய குழிகளின் வரிசையில் அவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. சிமெந்துக் கரை, பெயர் எழுதிய ஒரு பலகைக் கல். ஒன்பது வருடமாக மாதத்தில் ஒரு விடுமுறை நாள் போகிறோம். போய் நிற்போம். இவர் தண்ணீர் தெளிப்பார். நான் மணலைத் தட்டிவிடுவேன். திரும்பும் வழியில் சாமான் வாங்கிக்கொண்டு வருவோம். அழுத காலமெல்லாம் முடிந்துவிட்டது. இப்போது அதுவும் வீட்டு வேலைகளில் ஒன்று மாதிரித்தான், ஆனால் விட முடியாத வேலை.

அம்மா சொன்ன கதை எனக்குள் அப்படி ஊறியிருந்தது. பிள்ளை கிடக்கும் மண்ணை விட்டு எங்கள் வீட்டில் யாரும் லொறி ஏறியதில்லை. நான் எப்படி ஏறுவது?

5

அந்தக் கல்லுக்கு இன்னொரு கதையும் உண்டு. இதையும் மலரில் போடலாம், ஆதாரத்துக்கு ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

பிறகு வந்த சண்டையில் பாலையடி முழுவதும் இடம்பெயர்ந்து போனது. நான் அதற்கு முன்பே கலியாணம் முடித்து இங்கு வந்துவிட்டேன். புறப்பட்ட காலையில், ஊரைவிட்டுப் போகும் எல்லோரையும் போல நானும் அக்காவின் கல்லடியில் குழை வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். காட்டுக்குள் போவதற்கு வைக்கும் குழையை, எப்போதிலிருந்தோ ஊரார் கொழும்புக்குப் போவதற்கும் கட்டாருக்குப் போவதற்கும் அங்கே வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வைக்கும்போது நான் எதையும் நினைக்கவில்லை. கடவுச்சீட்டு பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து விடப்பட்டு, சனம் திரும்பிப் போனபோது ஊர் இருந்த இடம் தெரியவில்லை என்று அப்பா சொல்வார். வீடு இல்லை, வேலி இல்லை, கிணறுகள் மூடிக் கிடந்தன. கண்ட இடமெல்லாம் பற்றை. காணி அளக்க வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டினார்கள். சண்டை வரப் பார்த்தது. பாலை மரம் பாதி முறிந்து நின்றது. அதன் அடியைத் துப்பரவாக்கியபோது கல் அதே இடத்தில் இருந்தது.

"இதுல இருந்து அளங்கன்னேன்," என்றார் அப்பா. "ஒருத்தரும் மறுத்துப் பேசல."

கல்லிலிருந்து முதல் காணி, அதிலிருந்து அடுத்தது. இன்றைக்கு ஊரில் நீங்கள் அடைக்கும் வேலியெல்லாம் என் மூன்று வயது அக்காவிலிருந்து அளந்ததுதான்.

6

போன ஞாயிறு அப்பாவை மயானத்துக்குக் கூட்டிப் போனோம். முகாமையாளருக்கு நான் பதில் சொல்ல வேண்டியது மறுநாள்.

காலையிலேயே அப்பா கீழே போய்விட்டார். மறுபடி மரத்தில் கை வைக்கப் போகிறாரோ என்று நான் ஓடினேன். நகரசபைக்காரர்கள் முதல்நாள் வெட்டிப் போட்டிருந்த கொப்புகளிலிருந்து நல்ல பச்சையாக ஒன்றைக் காவலாளியே தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை.

மிதுரா காதில் இயர்போனோடு காருக்குள்ளேயே இருந்துவிட்டாள். இவர் போத்தலில் தண்ணீர் எடுக்கப் போனார். அப்பா குழையை மடியில் வைத்தபடி ஆதவனின் பக்கத்தில் குந்தினார். கல்லில் இருந்த பெயரைத் தடவிப் பார்த்தார். ஆங்கிலமும் அரபும்தான் அதில் இருக்கிறது, இரண்டும் அவருக்குத் தெரியாது.

பக்கத்தில் யாருமில்லாததால் கேட்டேன். "அப்பா, அன்னைக்கு எப்படி நீங்க லொறி ஏறாம நின்னீங்க? சோறு தண்ணி இல்ல, ஊரே கெளம்பிருச்சு. பயமா இல்லையா?"

"நான் ஏறலைன்னு யாரு சொன்னா?"

"அம்மாதான்."

"அது சொல்லும்." கல்லின் மேல் கிடந்த மணலைத் தட்டிவிட்டார். "டைவரு ஏத்தல புள்ள. பொணம் கெடக்குற எடத்துல சாமான் ஏத்த மாட்டேன், எனக்கு வண்டி ஓடணும்னுட்டான். ஒரு கெழம கழிச்சு வாறேன்னு வெறும் லொறிய எடுத்துட்டுப் போயிட்டான்."

"பிறகு?"

"அந்தக் கெழமதான மழ வந்துச்சு. அப்படி ஒரு மழ. மூட்டையில கொஞ்சம் குரக்கன், கொஞ்சம் உளுந்து கெடந்துச்சு. ஈரத்தப் பாத்துட்டு கை சும்மா இருக்குமா? போட்டோம். லொறி திரும்பி வந்தப்ப மொளைச்சு நிக்குது. மொளைச்சத விட்டுட்டு எவன் ஏறுவான்?"

"மழை பேயாம இருந்திருந்தா?"

அவர் மடியிலிருந்த குழையைத் திருப்பி வைத்தார். சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ, இல்லை உண்மையாகவே யோசித்தாரோ தெரியாது.

"போயிருப்போம்."

"அக்காவ விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான். வேற என்னா செய்யிறது? உங்கம்மாவுக்கும் எனக்கும் சோறு வேணும்ல." குழையின் வாடிய இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். "உங்கம்மாவுக்கு அப்படிச் சொல்லிக்கிட்டாத்தான் தூக்கம் வந்துச்சு. சொல்லட்டும்னு விட்டுட்டேன். நானும் மறுத்துப் பேசல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நாற்பது வருடம் ஒரு கதையை நம்பியிருக்கிறேன், அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க இருந்தேன். கோபம் வரவில்லை. ஒன்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்த ஒரு பாரத்தை யாரோ கொஞ்சம் தள்ளி வைத்த மாதிரி இருந்தது. போயிருப்போம் என்று அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது என்பது, அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"நான் இங்க நிக்கணுமாப்பா?" என்றேன்.

"நிக்கிறதுக்கு மழ பேயணும் புள்ள," என்றார். "மாப்ள சொல்ற கணக்குல எனக்கு ஒண்ணும் பெஞ்ச மாதிரி தெரியல."

பிறகு குழையைக் கல்லின் தலைமாட்டில் நிமிர்த்தி வைத்தார். அணை கொடுக்கக் கல் கிடைக்கவில்லை. தன் சப்பாத்தால் மணலைக் கூட்டி அடியில் இறுக்கினார். கும்பிடவில்லை. ஊரில் எப்படிச் சொல்வாரோ அதே குரலில், பக்கத்தில் நிற்கும் ஓர் ஆளிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

"ஐயா, நாங்க பொறப்படுறோம். வழி பாத்து அனுப்பு."

அழுகை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு வந்த இவர், குழையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், போத்தலை என் கையில் தந்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார். அன்று நான்தான் தண்ணீர் தெளித்தேன்.

அங்கே துப்புரவு செய்யும் வங்காளதேசத்து மனிதர் கறுப்புப் பையோடு வந்தார். ஒன்பது வருடமாகத் தெரிந்தவர். தயங்கித் தயங்கி, "மேடம், பத்தா இதர் நஹி. ஆஜ் சஃபாயி ஹை," என்றார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இன்னைக்குத் துப்புரவாம். இலை குழை வைக்கக் கூடாதாம்."

"எடுத்துட்டுப் போகட்டும். காட்டுல வச்சா ஆடு திங்கும். வைக்கிறதோட நம்ம வேல முடிஞ்சுது."

மிதுரா எப்போது காரைவிட்டு இறங்கினாள் என்று தெரியாது. ஒரு காதில் மட்டும் இயர்போன் இருந்தது. "அம்மா, வி கோ பண்ணினாப் பிறகு இங்க யார் வருவாங்க?" என்று கேட்டாள். பாதி என்றாலும் தமிழில் கேட்டாள்.

"ஒருவரும் வரமாட்டினம்," என்றேன்.

அவள் ஓகே என்று சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வாள். மற்ற இயர்போனையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் குழையை எடுத்துப் பைக்குள் போடும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

7

முகாமையாளருக்கு நன்றி சொல்லிவிட்டேன். நேற்று விசா ரத்துச் செய்ய டைப்பிங் சென்டருக்குப் போனோம். இப்போது எல்லாமே கைபேசியில் செய்யலாம் என்கிறார்கள், ஆனால் இவருக்கு டைப்பிங் சென்டரில்தான் நம்பிக்கை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஹைதராபாத்காரர், வழுக்கைத் தலை, வேகமான கை. இவருடையது, என்னுடையது, மிதுராவுடையது என்று மூன்றையும் முடித்தார்.

"ஃபேமிலி மே அவ்ர் கோயி ஹை இதர்?" என்றார், தலை நிமிராமல். குடும்பத்தில் வேறு யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்கிறார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.

இவர் என்னைப் பார்த்தார்.

"மாஃபி," என்றேன் நான். இல்லை.

"கலாஸ்," என்றார் அவர். முடிந்தது. அச்சு இயந்திரம் ஓடியது.

அதிபர் அவர்களே, நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் நீண்டுவிட்டது. வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள். கவ்வாத்து வெட்டாமல் வேரோடு வெட்டினாலும் எனக்குக் கோபமில்லை. மலர்க்குழுத் தம்பியிடம் சொல்லுங்கள், கோயில் கட்டட்டும், கொங்கிறீற்றை மட்டும் கல்லிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடட்டும். அங்கே சோழன் இல்லை, ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறாள். அடுத்த மாதம் நானும் மிதுராவும் வந்துவிடுவோம். அவளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெருமைப்படும்படியாக எழுதச் சொன்னீர்கள். மழை பெய்தது, நின்றார்கள் என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்கு முதலில் வந்தவர் யார் என்ற கேள்வி மலரில் எப்படியும் வரும் என்று தெரியும். அதற்கு இப்படிப் போடுங்கள். பாலையடிக்கு முதலில் வந்தது பதினொரு குடும்பம். லொறி வந்தும் போகாமல் முதலில் நின்றவள் சரோஜா.

டைப்பிங் சென்டரில் நான் சொன்னது பொய். இந்த நாட்டில் எங்கள் குடும்பத்தில் ஒருவன் இருக்கிறான். அவன் விசா புதுப்பிக்க வேண்டியதில்லை. எங்களில் இங்கே குடியேறியது அவன் ஒருவன்தான்.